தம்பியின் இன்டர்வியூ

எங்கள் வீட்டில் இன்டர்வியூ என்றால் அப்பாதான். என்னை எல்கேஜியில் சேர்க்கும்போது, தன் ஆட்டோவில் ஏறிய வாத்தியார்களையெல்லாம் விசாரித்து, என்ன கேட்பார்கள் என்று தெரிந்துகொண்டு, எனக்குச் சொல்லிக் கொடுத்து சீட்டு வாங்கியவர் அவர். அந்தப் பெருமையை இன்றுவரை விடவில்லை. ஆகவே, தம்பியை டாக்டர் கேள்வி கேட்டு, விளையாட வைத்துப் பார்ப்பாராம் என்று அம்மா வந்து சொன்னதும் அவருக்குப் பாதி பாரம் இறங்கிவிட்டது.

"அவ்ளோதானே? சொல்லிக் குடுத்துட்டா போச்சு" என்றார்.

தம்பிக்கு அப்போது நாலு வயது, எனக்கு எட்டு. அவனுக்கு வார்த்தைகள் தெரியும். ஆனால் யாரோடும் பேசமாட்டான், கூப்பிட்டால் திரும்பமாட்டான். பள்ளிக்கூடத்தில் சேர்த்த வாரமே, டாக்டரிடம் காட்டி, ஒன்றுமில்லை என்று சொன்னால் அழைத்து வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அதைப் பார்த்துச் சொல்லக்கூடிய டாக்டரம்மா சென்னையிலிருந்து எப்போதாவதுதான் வருவார். முதலில் கொடுத்த தேதி கார்த்திகை தீபத்துக் கூட்டத்தில் தள்ளிப்போனது. அடுத்த தேதியும் ஏதோ காரணத்தால் தள்ளிப்போனது. அந்த 'ஒன்றுமில்லை' என்ற ஒரு சொல்லுக்காக அப்பா மாதக்கணக்கில் காத்துக்கிடந்தார்.

அம்மா காத்திருந்த விதம் வேறு. விசில் சத்தம் கேட்டால் தம்பி தலையைச் சுவரில் மோதிக்கொள்வான் என்பதால், குக்கரைப் பரணில் போட்டுவிட்டு சோறு வடிக்க ஆரம்பித்தாள். சட்டைக் காலரில் உறுத்தும் துணிச்சீட்டுகளை எல்லாம் பிளேடால் பிரித்தெடுத்தாள். எங்கள் வீடு அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதை மேலேயே இருக்கிறது. பௌர்ணமி வந்தால் வாசலில் ஜனமும் ஒலிபெருக்கியும் ஓயாது. அம்மா அவனைப் பின்னறைக்குத் தூக்கிப் போய், அவன் காதுகளைத் தன் உள்ளங்கைகளால் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கொசு கடித்தால்கூடக் கையை எடுக்கமாட்டாள். எனக்குப் பார்க்கவே பாவமாக இருக்கும்.

"அவனுக்கு இன்னான்னு தெரிஞ்சா போதுங்க, அதுக்கேத்த மாதிரி பாத்துக்கலாம்" என்று ஒருநாள் சொன்னாள்.

"ஒரு பேர வச்சிட்டாங்கன்னா அப்புறம் ஜென்மத்துக்கும் அழிக்க முடியாதுடி" என்றார் அப்பா.

சவாரி முடிந்து வந்ததும் பாடம் ஆரம்பமாகும். நான்தான் டாக்டர். அம்மாவின் சிவப்பு ஸ்டிக்கர் பொட்டை அப்பா என் மூக்குக்கு மேலே ஒட்டிவிடுவார். அதைப் பார்த்தால் கண்ணைப் பார்ப்பதுபோல் இருக்குமாம். குட் மார்னிங், பேர், வயசு, ஊர், பிடித்த நிறம். ஆரம்பத்தில் தம்பி பொட்டைப் பிய்த்துத் தின்னப் பார்த்தான். அப்பாவின் பிடிவாதம் அதற்கெல்லாம் அசரவில்லை. கடைசியில் ஒருநாள் தம்பி எல்லாவற்றையும் கடகடவென்று ஒப்பித்தான். அப்பா அவனைத் தலைக்கு மேல் தூக்கிச் சுற்றினார். அவ்வளவு சந்தோஷமாக நான் அவரைப் பார்த்ததே இல்லை.

ஒருவழியாக டாக்டரம்மா வந்தார். ஊருக்குள் ஒரு சின்ன அறை. தரையில் பொம்மைகள் கிடந்தன.

"வாங்க தம்பி" என்றார்.

"குட் மார்னிங் மேடம்" என்றான் தம்பி.

"உங்க பேரு என்ன?"

பேரைச் சொன்னான். அப்பா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"காலையில என்ன சாப்ட்டீங்க?"

"நாலு வயசு."

டாக்டரம்மா ஒரு பந்தை எடுத்து நீட்டினார். "இது என்ன?"

"அடி அண்ணாமலை" என்றான் தம்பி. பிறகு யாரும் கேட்காமலே, "செகப்பு" என்று முடித்தான்.

ஒன்றுகூட விடாமல் சொல்லிவிட்டானே என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. கை தட்டினேன். அதைக் கேட்டதும் தம்பி மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினான். "குட் மார்னிங் மேடம்." அவன் செகப்பு வரைக்கும் போய் நிற்கும்வரை டாக்டரம்மா பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எவ்ளோ நாளா சொல்லிக் குடுத்தீங்க?" என்று அப்பாவிடம் மெதுவாகக் கேட்டார்.

"டேட் குடுத்த நாள்லருந்து மேடம்" என்றார் அப்பா. தலை குனிந்திருந்தது.

"தப்பில்லைங்க. ஆனா இவனுக்கு வேற மாதிரி சொல்லித் தரணும். அத நாங்க காட்டறோம். வீட்ல எப்படி இருப்பானோ, அடுத்த தடவை அப்படியே கூட்டிட்டு வாங்க."

வெளியே வந்து அப்பா ஆட்டோவைக் கிளப்பினார். "எல்லாம் கரெக்டாதானம்மா சொன்னான்?" என்று கேட்டேன்.

"சொன்னான் கண்ணு" என்றாள் அம்மா. அவள் அழுதுகொண்டிருந்தாள். ஆனாலும் ரொம்ப நாளைக்குப் பிறகு சீட்டில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தம்பி அவள் மடியில் தூங்கிப்போனான்.

எங்கள் வீடு வந்தது. ஆட்டோ நிற்கவில்லை.

"அப்பா, வீடு போயிடுச்சு!" என்று கத்தினேன்.

"சும்மா வாடி" என்றாள் அம்மா.

பாதையில் எந்தக் கோயில் வந்தாலும் ஒரு கையால் கன்னத்தில் போட்டுக்கொள்கிறவர் அப்பா. அன்று எதையும் திரும்பிப் பார்க்கவில்லை. மலையைச் சுற்றி ஊருக்குள் வந்து, ஊரைத் தாண்டி, மறுபடியும் அதே பாதையில் போனார். தம்பி ஜெயித்துவிட்டான், அதற்குத்தான் எங்களை ரவுண்டு கூட்டிப்போகிறார் என்று எனக்கு ஒரே கும்மாளம். எதிரே நடந்து வந்தவர்களுக்கெல்லாம் கை காட்டினேன். வீடு திரும்பவும் நெருங்கும்போது, டிரைவர் சீட்டுக்கு மேலே, பின்னால் உட்கார்ந்திருக்கும் எங்கள் முகம் தெரிகிற கண்ணாடியை அப்பா மேலே திருப்பிவிட்டார். வெயில் கண்ணில் அடிக்கிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அன்று காலையிலிருந்தே வானம் மூட்டமாகத்தான் இருந்தது.