மைனி வந்தால் அரை மாத்திரை

இன்று டாக்டரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

சிறுநீரகத்துக்கு மேலே இருக்கிற சுரப்பி எனக்கு வேலை செய்யாது. அதற்குத் தினமும் மாத்திரை. காய்ச்சலோ பெரிய அதிர்ச்சியோ வந்தால் கூட்டிக்கொள்ளச் சொல்லியிருந்தார்.

“அதுக்குள்ள மாத்திரை தீந்துட்டா?” என்றார்.

“அதிர்ச்சிக்குப் போட்டேன் சார்.”

“என்ன அதிர்ச்சி?”

“வீட்டுக்காரரோட அக்கா, எங்க மைனி, உடன்குடியில இருந்து அடிக்கடி வாராவ. வந்ததும் நான் கழுவின பாத்திரத்தை எல்லாம் மறுபடி கழுவுதாவ. அதுக்கு அரை மாத்திரை.”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

“காய்ச்சலுக்குச் சொன்னா மைனிக்குப் போடுதீங்களே! கூடுதலாப் போட்டுக்கிட்டே இருந்தா இதயத்தைப் பாதிக்கும். வீட்டுக்காரரு மாரடைப்புல போயி ஆறு மாசம் ஆகல. பிள்ளையளுக்கு நீங்களாவது வேண்டாமா?”

எனக்கு அழுகை வந்துவிட்டது.

“இதுக்கு அரை போடலாமா சார்?”

“கூடாது! தினமும் போடுததை நிறுத்தவும் கூடாது!”

வீட்டுக்கு வந்தால், மைனி நாளைக்கு வருகிறார்களாம். பக்கத்து வீட்டுக்குப் போன் வந்திருக்கிறது.

வராதீங்க என்று சொல்லவும் மனசில்லை. மைனிக்குச் சிரிப்பு மட்டும் அப்படியே என் வீட்டுக்காரரின் சிரிப்பு.

மாத்திரை போடாமல் மைனியைச் சமாளிக்கிற வழி யாருக்காவது தெரிந்தால், பஸ் வருவதற்குள் சொல்லுங்கள்.