வேலை கேட்டு மலை சுற்றிய பௌர்ணமிகள்

முதலில் என் கையெழுத்துக்கும் எழுத்துப் பிழைக்கும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் படித்தது ஐந்தாவது வரைதான். என் எழுத்துகள் கோட்டின் மேல் நிற்காது, பந்திக்கு முண்டுகிறவர்கள் மாதிரி ஒன்றின் மேல் ஒன்று சாயும். ல, ள, ழ மூன்றும் என்னிடம் அண்ணன் தம்பிகள், ஒருவரைக் கூப்பிட்டால் இன்னொருவர் வந்து நிற்பார். பத்தாவது படிக்கிற என் மகளிடம் கொடுத்துத் திருத்தச் சொல்லலாம். ஆனால் அவள் அம்மா என்னைத் திட்டியதெல்லாம் இதில் வருகிறது. கூச்சமாக இருக்கிறது. நீங்களே கொஞ்சம் பார்த்துப் படித்துக்கொள்ளுங்கள்.

இதை எழுத வைத்தது ஒரு வாசனை. போன வாரம் ரேஷன் கார்டு ஜெராக்ஸ் எடுக்க பஸ் ஸ்டாண்டு பக்கம் போயிருந்தேன். எனக்கு முன்னால் ஓர் இளைஞர் பயோடேட்டா அடித்துக்கொண்டிருந்தார்.

“அண்ணா, அனுபவம்ங்கற எடத்துல இன்னா போடறது?” என்று கடைக்காரரைக் கேட்டார்.

“எங்கனா வேலை பாத்திருக்கியா?”

“இல்லணா. வேலை கெடைக்கத்தானே இதயே அடிக்கிறேன்.”

“அப்ப ஒரு கோடு போட்டு உட்டுடு.”

அவரிடம் இரண்டு வார்த்தை பேச வேண்டும் போலிருந்தது. வாய் வரவில்லை. எனக்கு எப்போதுமே வராது. மெஷினிலிருந்து வந்த என் காகிதம் சூடாக இருந்தது. சூடான காகிதத்துக்கு ஒரு வாசனை உண்டு. அதை மோந்ததும் எனக்குப் போண்டா ஞாபகம்தான் வந்தது.

வேலை இல்லாமல் இருந்த நாட்களில் போண்டாவைத் தின்றுவிட்டு, அது சுற்றி வந்த பேப்பரைப் பிரித்துப் படிப்பது என் வழக்கம். ஒருநாள் எண்ணெய் ஊறிய துண்டு ஒன்றில் ‘கடைக்கு ஆள் தேவை’ என்று எங்கள் ஊர்த் தெருப் பெயரோடு போட்டிருந்தது. வீட்டுக்கு ஓடி, சட்டை மாற்றி, தலை வாரிக்கொண்டு அந்த இடத்துக்குப் போனேன். கடையைக் காணோம். எருமை கட்டியிருந்தார்கள். பேப்பர் எந்த வருஷத்துப் பழசோ. வேலை கேட்க ஆளே இல்லாததால் அன்றைக்கு எனக்குக் கூச்சம் வரவில்லை, அது ஒன்றுதான் லாபம். அதனால் நான் சொல்லக்கூடிய முதல் யோசனை, விளம்பரத்தைப் பார்த்தால் தேதியையும் பாருங்கள். சட்டையைப் பிறகு மாற்றலாம்.

அப்போது திருவண்ணாமலை தனி மாவட்டமாகிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. கலெக்டர் ஆபீஸ் வந்துவிட்டது, இனிமேல் ஆளுக்கொரு வேலை என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். ஐந்தாவது படித்தவனுக்கு அதனால் ஏற்பட்ட மாற்றம், டீக்கடையில் உட்கார இடம் கிடைக்காமல் போனதுதான். அதற்கு முன் கீழ்பென்னாத்தூரில் ஒரு கடலை மில்லில் மூட்டை தைத்துக்கொண்டிருந்தேன். மில்லை மூடிவிட்டார்கள். நானும் கஸ்தூரியும் டவுனில் ஒரு அறை வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். அவள் அப்போது மாசமாக இருந்தாள்.

கஸ்தூரியின் அண்ணன் பெங்களூரில் கட்டட மேஸ்திரி. எங்கள் பக்கத்திலிருந்து குடும்பம் குடும்பமாகப் பெங்களூருக்கு வேலைக்குப் போவார்கள். மச்சான் ஆயுத பூஜைக்கு வந்தபோது தெளிவாகவே சொல்லிவிட்டார்.

“மாப்ள, தீபத்துக்கு மறுபடி வருவேன். அதுக்குள்ள இங்க நெலையா ஒரு வேலை கெடச்சா இருங்க. இல்லனா மறுநா சாயங்காலம் ரெண்டு பேரும் என்கூட பஸ் ஏறுங்க.”

அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் கஸ்தூரிக்குப் பெங்களூர் என்றால் ஆகாது. அவள் அப்பா அம்மாவும் கட்டட வேலைதான். “தகரக் கொட்டாயில பொறந்து தகரக் கொட்டாயிலயே வளந்தவ நான். ஒரு கட்டடம் முடிஞ்சா அடுத்த கட்டடம். ஒரு பள்ளிக்கூடத்துலயாவது முழுசா ஒரு வருஷம் இருந்தனா? என் புள்ள அங்க பொறக்கக் கூடாது” என்று சொல்லிவிட்டாள். அழவெல்லாம் இல்லை. அரிசி களைந்துகொண்டே சொன்னாள். அழுதிருந்தால்கூட எனக்குப் பயம் கம்மியாக இருந்திருக்கும்.

நான் வேலை தேடிய லட்சணத்தைச் சொல்கிறேன். காலையில் கிளம்புவேன். கடைக்காரர்கள் வேலையாக இருக்கும்போது தொந்தரவு செய்யக் கூடாது என்று, ஆள் இல்லாத கடையாகப் பார்த்துப் போவேன். வாசலில் நிற்பேன். “இன்னா வேணும்?” என்பார்கள். வாய் வராமல் “ஒரு தீப்பெட்டி” என்பேன். வீட்டில் தீப்பெட்டி குவிந்துவிட்டது.

“ஏன்யா, தீப்பெட்டி ஏஜென்சி எடுத்துகினியா?” என்றாள் கஸ்தூரி. “ஒரு அடுப்பு, அதுலயும் பாதி நாள் பூன தூங்குது. இதுக்கு இத்தினி தீப்பெட்டியா?”

வியாபாரம் இல்லாமல் ஈ ஓட்டுகிற மனிதரிடம் போய் வேலை கேட்பது எவ்வளவு பெரிய மடத்தனம் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை. ஒரே ஒரு தடவை ஒரு மளிகைக் கடைக்காரரிடம் வாயைத் திறந்து, “எந்த வேலைனாலும் செய்யறேங்க” என்றேன். அவர் பல் குத்துவதை நிறுத்திவிட்டு, “எந்த வேலைனாலும்னா எனக்கு ஒண்ணும் புரியலப்பா. மூட்ட தூக்குவியா, பொட்டலம் மடிப்பியா, எனக்குக் கால் அமுக்குவியா?” என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் மூட்டை நன்றாகத் தைப்பேன். அதைச் சொல்லியிருக்கலாம். அடுத்த தெரு வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது. வேலை கேட்கப் போகிறவர், தனக்குத் தெரிந்த ஒரு காரியத்தை வீட்டிலேயே சொல்லிப் பார்த்துக்கொண்டு போவது நல்லது.

மனிதர்களிடம் கேட்க முடியவில்லை என்பதால் சாமியிடம் கேட்டேன். சாமியிடம் எனக்குக் கூச்சம் இல்லை. பௌர்ணமிக்குப் பௌர்ணமி வேலை கிடைக்க வேண்டும் என்று மலையைச் சுற்றினேன். கிரிவலத்துக்கு வெளியூர்க் கூட்டம் பெருக ஆரம்பித்திருந்த காலம் அது. புரட்டாசியில் சுற்றினேன், ஐப்பசியிலும் சுற்றினேன். ஐப்பசிப் பௌர்ணமி சுற்றிவிட்டு வந்து கால் நீட்டி உட்கார்ந்தபோது கஸ்தூரியிடம் குறைப்பட்டுக்கொண்டேன்.

“அடி அண்ணாமலை கிட்ட இட்லி வாங்கவே முடியல. ஒவ்வொரு கடையிலயும் ஆளு பத்தாம கத்தினு இருக்காங்க. ஒரு அம்மா, ‘யாராச்சும் தண்ணி எடுத்தாங்கடா, கையி ரெண்டுதான் இருக்குது’னு ரோட்டப் பாத்துக் கூவுது.”

கஸ்தூரி என் முகத்தையே பார்த்தாள்.

“நீ இன்னா பண்ண?”

“நான் சாமிய வேண்டிகினே நடந்துட்டேன்.”

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். “ஆளு இல்ல, ஆளு இல்லனு கத்தறவங்க முன்னாலயே நடந்து போயி, வேலை குடு சாமினு கேட்டியா? அவரு இன்னாய்யா பண்ணுவாரு? எறங்கி வந்து உன் கையப் புடிச்சி கடைக்குள்ள உடுவாரா?”

யோசித்துப் பார்த்தால் அவள் சொன்னது சரிதான். சுற்றிய பாதை முழுக்க வேலை இருந்தது. நான் மட்டும் கும்பிட்டுக்கொண்டே அதைத் தாண்டிப் போயிருக்கிறேன். எங்கள் ஊரில் என்னைப் போல இன்னும் பலர் அப்படிச் சுற்றியிருப்பார்கள் என்று நினைத்துத்தான் மனதைத் தேற்றிக்கொள்கிறேன்.

அடுத்த பௌர்ணமி கார்த்திகை, தீபத்தை ஒட்டி வருவது. மச்சானும் அப்போதுதான் வருவார். எனக்கு மிச்சமிருந்தது அந்த ஒரு வாய்ப்பு.

“வாய் வரலனா வாய உடு, கைய நீட்டு” என்று சொல்லி அனுப்பினாள் கஸ்தூரி.

தீபத்தன்று மத்தியானமே அடி அண்ணாமலைக்குப் போய்விட்டேன். அன்றைக்குக் கூவிய அந்த அம்மா அதே இடத்தில் கீற்றுப் பந்தல் போட்டு அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார். பெயர் தனபாக்கியம். ஆசிரமம் பக்கம் செங்கம் ரோட்டில் சின்ன மெஸ் வைத்திருந்தவர், பௌர்ணமிக்கு மட்டும் பாதையில் கடை போடுவார். நான் எதுவும் கேட்கவில்லை. காலிக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்த் தண்ணீர் பிடித்து வந்து வைத்தேன்.

“யாருப்பா நீ?”

“கஸ்தூரி வூட்டுக்காரன்க்கா.”

“எந்த கஸ்தூரி?” என்றவர், நான் பதில் தேடுவதற்குள் “சரி சரி, அந்த இன்னொரு குடத்தையும் கொண்டா” என்றார். அதுதான் என் இன்டர்வியூ.

அன்றைக்கு வேலைக்கு வந்தவர்களில் செங்கம் பக்கத்து ஆள் ஒருவர் இருந்தார், ஏழுமலை என்று பெயர். பரிமாறுவதில் கெட்டிக்காரர். கூட்டத்தைச் சிரிக்க வைத்தே உட்கார வைத்து எழுப்புவார். நான் பந்தலுக்குப் பின்னால் தண்ணீர், விறகு, வெங்காயம் என்று இருந்தேன். தனபாக்கியம் அக்கா ஒரு ஆளை மெஸ்ஸுக்கு நிலையாக எடுக்கப் போகிறார் என்று பேச்சு அடிபட்டது. ஏழுமலைதான் என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன்.

விடிந்து கூட்டம் குறைந்தது. அக்கா ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கூலி கொடுத்து, கையில் ஒரு பொங்கல் பொட்டலமும் கொடுத்து, “போய்ட்டு வாங்கப்பா, நல்லா இருங்க” என்று மரியாதையாக அனுப்பினார். ஏழுமலையிடம் மட்டும் பொட்டலத்துக்குப் பதிலாக அடிப்பிடித்த பொங்கல் அண்டாவைக் காட்டினார்.

“இதத் தேச்சிட்டுப் போப்பா.”

“நான் பரிமாற வந்தவன்க்கா. அண்டா தேய்க்க வேற ஆளப் பாரு” என்று சிரித்துக்கொண்டே துண்டை உதறிப் போட்டுக்கொண்டு போனார். அக்கா அவரைத் திரும்பக் கூப்பிடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, பொட்டலத்துக்காக நின்றுகொண்டிருந்த என்னைப் பார்த்தார்.

“இன்னாத்துக்கு மரம் மாதிரி நிக்கற? அண்டாவத் தேயி.”

வாயில்லாதவன் என்று என் தலையில் கட்டுகிறார் என நினைத்தேன். முடியாது என்று சொல்லத் தெரியாததால் தேய்த்தேன். ஒரு மனிதன் உள்ளே இறங்கி உட்காரலாம், அவ்வளவு பெரிய அண்டா. பிறகு சாமான்களை வண்டியில் ஏற்றி, செங்கம் ரோட்டு மெஸ்ஸில் இறக்கி வைத்தேன். அக்கா கல்லாப்பெட்டி மேல் தலை வைத்துத் தூங்கிவிட்டார். எழுப்பிக் கேட்கக் கூச்சம். வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மச்சான் உட்கார்ந்திருந்தார். எங்கள் துணிகளை ஒரு பையில் கட்டியும் ஆகிவிட்டது.

“இன்னா ஆச்சு?” என்றாள் கஸ்தூரி.

“ஒண்ணும் ஆகல. எல்லாருக்கும் பொட்டலம் குடுத்தாங்க. எனக்கு மட்டும் அண்டாவக் குடுத்தாங்க.”

மச்சான் சிரிக்க ஆரம்பித்தார். கஸ்தூரி சிரிக்கவில்லை. “பொட்டலம் குடுத்தவங்கள மறுபடி வரச் சொன்னாங்களா?” என்று கேட்டாள்.

“இல்ல. போய்ட்டு வாங்க, நல்லா இருங்கனு அனுப்பிட்டாங்க.”

“உன்ன?”

“மரம்னு சொன்னாங்க.”

அவள் அண்ணன் பக்கம் திரும்பினாள். “அண்ணா, உண்மையச் சொல்லு. உன் வேலையில சாயங்காலம் சாந்துச் சட்டிய யாரக் கழுவச் சொல்லுவ?”

மச்சான் சிரிப்பை நிறுத்தினார். கொஞ்சம் முனகிவிட்டு, “மறுநா வேணும்ங்கற ஆளத்தான்” என்றார். “வேணாங்கறவன சட்டியத் தொட உட மாட்டேன். டீ வாங்கிக் குடுத்து அனுப்பிடுவேன்.”

“கேட்டுகினியா? ஓடு” என்றாள் என்னிடம்.

ஓடினேன். சாப்பிடக்கூட இல்லை. வழியெல்லாம் பயம். அக்கா ‘யாரு நீ’ என்று மறுபடியும் கேட்டுவிட்டால் என்ன சொல்வது? மெஸ் வாசலில் போய் நின்றேன். அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார், தலையைத் தூக்கவில்லை.

“வூட்டுக்குப் போறதுக்கு இவ்ளோ நேரமா? சாயங்கால டிபனுக்கு மாவு யாரு கரைப்பாங்க, உன் கஸ்தூரியா?”

அன்று சாயங்காலம் மச்சான் தனியாகப் பஸ் ஏறினார். என் மகள் இந்த ஊரில்தான் பிறந்தாள். ஒரே பள்ளிக்கூடத்தில்தான் படிக்கிறாள்.

மெஸ்ஸில் பல வருஷம் இருந்தேன். சமையல்காரர் டீ குடிக்கப் போகும் நேரத்தில் அவருடைய கரண்டியைப் பிடித்துப் பிடித்துத்தான் சமையல் கற்றுக்கொண்டேன். நம் வேலைக்கு அடுத்த வேலையை அப்படித்தான் கற்க வேண்டும், யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தர மாட்டார்கள். வெளிநாட்டுக்காரர்கள் அதிகமாக வர ஆரம்பித்தபோது காரம் கம்மியாகச் செய்யப் பழகினேன். அதனால் பக்கத்தில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் சமையலுக்குக் கூப்பிட்டார்கள். உடனே வரச் சொன்னார்கள். அந்த வாரம் பௌர்ணமி. பௌர்ணமி வாரத்தில் கடையை விட்டுப் போகிறவனை எங்கள் பக்கத்தில் வேறு யாரும் சேர்க்க மாட்டார்கள். முடித்துக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்றேன். கெஸ்ட் ஹவுஸ்காரர் முகம் சுளித்தார், ஆனால் இடத்தை வைத்திருந்தார். அக்காவிடம் சொன்னபோது அரை நாள் திட்டினார். பிறகு மெஸ் வாசலில் நின்று, எதிர்ச்சாரியில் நின்ற கெஸ்ட் ஹவுஸ்காரரைப் பார்த்து, “இந்த மரத்த நான்தான் வளத்தேன், சரியா வெச்சிக்கங்க” என்று ரோடே கேட்கக் கத்தினார். எனக்குக் கிடைத்த ஒரே சிபாரிசு அது.

அக்கா இப்போது மகளோடு வெளியூரில் இருக்கிறார். மெஸ் இருந்த இடத்தில் மாடி வைத்த கபே வந்துவிட்டது. பௌர்ணமிக்கு இரண்டு நாள் முன்பே வேனில் ஆட்கள் வந்து இறங்குகிறார்கள், எல்லோருக்கும் ஒரே கலர் பனியன். ஏஜெண்டு போனில் பேசி அனுப்புகிறார். பாத்திரத்துக்குத் தனி ஆள். முடிந்ததும் அதே வேனில் ஏறிப் போய்விடுகிறார்கள். கடைக்காரருக்கு அவர்கள் முகம் தெரியாது, அவர்களுக்கும் கடைக்காரர் பெயர் தெரியாது.

நேற்றுப் பௌர்ணமி. நானும் கஸ்தூரியும் மெதுவாகச் சுற்றினோம். அடி அண்ணாமலை தாண்டி அவளுக்குக் கால் வலித்ததால் ஒரு சிமெண்டு மேடையில் உட்கார்ந்தோம். ஒலிபெருக்கிச் சத்தம், கார் சத்தம், குழந்தையைத் தொலைத்தவர்கள் கூப்பிடும் சத்தம் எல்லாம் கேட்டது. ஆள் வேண்டும் என்று கூவுகிற குரல் ஒன்றுகூட இல்லை.

“இன்னிக்கு நீ வேலை தேடினா எங்கய்யா போய் நிப்ப?” என்றாள் கஸ்தூரி.

நான் திரும்பிப் பார்த்த கடையிலெல்லாம் ஒரே கலர் பனியன்தான் நின்றது. காலைத் தேய்த்துக்கொண்டு எழுந்து நடந்தோம்.

14.11.2008, வெள்ளிக்கிழமை.