ஒன்பது வருட வேட்டைக் குத்தகை

நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. இது நடந்தது. ஒப்பந்தத்தின் பிரதி இன்றைக்கும் ஜெயச்சந்திரனின் அலுமாரியில் இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் அவருடைய கையெழுத்தை நானே பார்த்தேன்.

ஜெயச்சந்திரன் மன்னார்க்காரர். ஊன்ட்றொப்புக்குக் கிட்ட ஓர் இறைச்சித் தொழிற்சாலையில் பதினேழு வருடமாக வேலை. நாற்பது வயதில் வேட்டைப் பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணி, "துரை காட்டுக்குப் போறாராம்" என்று எங்கள் ஆட்களிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டவர். அவருக்கு அது விளையாட்டில்லை. அகதி முகாமில் ஒரு கட்டிலோடு தொடங்கிய மனிதர். இந்த நாட்டில் ஒரு துண்டுக் காடாவது தன் பெயரில் எழுதப்பட வேண்டும் என்று ஏங்கிக் கிடந்தார்.

இங்குள்ள வேட்டைக்காரரின் வழக்கம் ஒன்று அவருக்கு மிகவும் பிடிக்கும். சுட்டு விழுந்த மானின் வாயில் ஒரு பச்சைக் குச்சியை வைப்பார்கள். அதற்குக் கடைசி உணவு. "சாகிற ஆளுக்குப் பாதர் நன்மை அப்பம் குடுக்கிற மாதிரி" என்று மனைவி பிறேமாவிடம் சொல்லியிருக்கிறார்.

2006 நவம்பர் 18, சனிக்கிழமை. வேட்டைக்குக் காடு ஒன்றைக் குத்தகைக்குக் கேட்க, பிற்பகல் மூன்று நாற்பதுக்கு ஒரு பண்ணை வீட்டை அடைந்தார். கூட வேலை செய்யும் பென்ஜமின்தான் கார் ஓட்டினார். காட்டின் சொந்தக்காரர் ஹெர் வெஸ்ற்ஹோவ், எண்பதை நெருங்கிய ஜேர்மன்காரர். ஏழு மாதமாகக் காடு சும்மா கிடந்தது. குத்தகை கேட்டு வந்த நாலு பேரையும் திருப்பி அனுப்பிவிட்டார். இவருக்கும் "பார்க்கலாம்" என்றுதான் சொல்லியிருந்தார்.

இருவரையும் குசினிக்குள் கூட்டிப்போனார். அடுப்புக்குப் பக்கத்தில், மூலைக் கதிரையில், பச்சைக் கோட்டுப் போட்ட ஒரு முதியவர் இருந்தார். வயதானவருக்கு மரியாதை செய்யாமல் உட்காருவது ஜெயச்சந்திரன் வளர்ந்த முறையில்லை. நேரே போனார். குனிந்து, இரண்டு கையாலும் அந்தக் கையைப் பிடித்தார்.

ஈரம். ஐஸ் குளிர். உள்ளங்கையில் ஏதோ குத்தியது.

ஜெயச்சந்திரன் கூச்சத்தோடு கையை ஜாக்கெட் பைக்குள் விட்டுக்கொண்டு திரும்பினார். வெஸ்ற்ஹோவ் அவரையே பார்த்தபடி நின்றார். முகத்தில் இரத்தமில்லை.

"சரி. உங்களுக்கே தருகிறேன்" என்றார் வெஸ்ற்ஹோவ். "ஒன்பது வருடம். கையெழுத்துப் போடுங்கள்."

ஜெயச்சந்திரனுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. வாசித்தார். 2007 ஏப்ரல் 1 முதல் 2016 மார்ச் 31 வரை. இரு தரப்பும் இடையில் விலக முடியாது. குத்தகைக்காரர் இறந்தால் மட்டும் ஒப்பந்தம் முடியும்.

டொக்... டொக்...

முதியவரின் கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது. வெளியே மழை இல்லை. கதிரையின் கீழே நிலம் காய்ந்திருந்தது.

மேசைக்கடியில் நாய் முனகியது.

நாலு இருபத்தொன்று. கையெழுத்துப் போட்டார். நிமிர்ந்தார்.

கதிரை காலி.

கதவு திறந்த சத்தமே இல்லை...

கார் பெருந்தெருவுக்கு ஏறியதும் பென்ஜமின் கேட்டார்.

"அண்ணை, மூலையிலை ஆருக்குக் கை குடுத்தனீங்கள்?"

"அந்தக் கிழவருக்கு."

"அதிலை ஒருத்தரும் இருக்கேல்லை அண்ணை."

ஜெயச்சந்திரன் பைக்குள் கையை விட்டார். எடுத்தார்.

பச்சைக் குச்சி. நுனியில் ஈரம். சிவப்பு.

இரவு முழுக்க அவருக்குக் கண் மூடவில்லை. ஞாயிறு காலை எட்டுப் பத்துக்கு, பூசைக்குப் போகமுன், வெஸ்ற்ஹோவுக்குப் போன் எடுத்தார்.

"எனக்குக் காடு வேண்டாம். ஒப்பந்தத்தைக் கிழித்துவிடுங்கள்."

"முடியாது. நீங்களாகவே கை கொடுத்தீர்கள்."

"யார் அவர்?"

"உங்களுக்கு முன் குத்தகை எடுத்தவராக இருக்கும். எனக்குத் தெரியாது. சொட்டுகிற சத்தம் மட்டும்தான் எனக்குக் கேட்கும். ஏழு மாதமாக என் குசினியில்..." என்றார் வெஸ்ற்ஹோவ். "கை கொடுக்க ஆள் வரும்வரை அது போகாது. 1997இல் அவரும் இப்படித்தான் காலிக் கதிரைக்குக் கை கொடுத்தார். நேற்று இரவுதான் நான் நிம்மதியாகத் தூங்கினேன். மன்னித்துக்கொள்ளுங்கள்."

ஜெயச்சந்திரன் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"நான் அந்தக் காட்டுப் பக்கமே வரமாட்டேன்."

"அவரும் வரவில்லை. இந்த வருடம், குத்தகையின் கடைசி மாதம், பயந்துபோய் ஸ்பெயினில் மகளோடு இருந்தார். மார்ச் 30 இரவு அங்கே சாப்பிட்டுவிட்டுப் படுத்திருக்கிறார். 31ஆம் திகதி, குத்தகையின் கடைசி நாள், காலை ஆறு மணிக்கு இங்கே வேட்டைப் பரணில் உட்கார்ந்திருந்தார். கோட்டு முழுக்க நனைந்து... உயிர் இல்லை."

"காயம்?"

"இல்லை. வாயில் ஒரு பச்சைக் குச்சி இருந்தது."