மாப்பிள்ளைக்கு எண்பத்தைந்து சதவீதம்

என் சித்தப்பா ஏசி மெக்கானிக். ஊரார் அறைகளில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சி வெளியே தள்ளுவதுதான் இருபத்தாறு வருடமாக அவருக்குத் தொழில். அப்படிப்பட்டவர் வீட்டுக்குள் ஒரு ராட்சதப் பல்லியை வைத்துக்கொண்டு, அதற்கு ஈரம் காட்டுகிறேன் என்று நாள் முழுக்கத் தண்ணீர் தூவிக்கொண்டிருந்தார்.

பல்லி என்றால் சுவர்ப் பல்லி இல்லை. இகுவானா. மூக்கிலிருந்து வால் நுனி வரை ஐந்தடி. தாடைக்குக் கீழே தொங்குகிற சதை, யாரையும் மதிக்காத பார்வை. யாரோ வீட்டைக் காலி செய்கிறார்கள் என்று ஏசியைக் கழற்றப் போன இடத்தில், "இதையும் எடுத்துட்டுப் போயிடுங்களேன்" என்று கெஞ்சியிருக்கிறார்கள். இவரும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். நறுக்கி வைத்த கீரையைத் தின்பது, கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காமல் இருப்பது, எந்த வேலையும் செய்யாதது ஆகிய தகுதிகளைப் பார்த்து, சித்தி அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தாள். அவர்களுக்குப் பெண் கிடையாது. இருந்திருந்தாலும் இதைவிட அடக்கமான பையன் அமைந்திருக்க மாட்டான் என்பது சித்தப்பாவின் கட்சி.

மாப்பிள்ளை குடியிருந்த பெட்டியைச் சித்தப்பாவே செய்தார். பின்னறையில், ஆறடி உயரம், எட்டடி நீளம், முன்பக்கம் கண்ணாடி. உள்ளே குறுக்கே ஒரு தடித்த மரக்கிளை, ஒரு முனைக்கு மேலே சூட்டு விளக்கு, கூரையோரம் பனி மாதிரித் தண்ணீர் தூவும் குழாய். நாலு வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு நான் பையோடு வந்து நின்றபோது எனக்குக் கிடைத்த அறை இதைவிடச் சின்னது. கேட்டதற்கு, "நீ எப்ப வேணாலும் கிளம்பிடுவ. அது எங்க போகும்?" என்றார்.

பெட்டியில் அவருக்கு மிகவும் பிடித்தது மீட்டர். காற்றில் எவ்வளவு ஈரம் என்று காட்டும், தீப்பெட்டி அளவுக் கருவி. பல் தேய்த்துக்கொண்டே வந்து பார்ப்பார். எண்பத்தைந்து. வேலைக்குக் கிளம்பும்போது பார்ப்பார். எண்பத்தைந்து. பள்ளிக்கூடத்தில் அவர் வாங்காத மதிப்பெண்.

நான் வந்த மூன்றாவது வாரம் மாப்பிள்ளை தோல் உரிக்கத் தொடங்கியது. முதுகில் பழைய சுவரொட்டி போலக் கிழிந்து தொங்கியதே தவிர, விழவில்லை. பின்னங்கால் விரல்கள் மூன்றில் பழைய தோல் மோதிரம் மாதிரி இறுகிக்கொண்டது. அதில் ஒன்று நுனியில் கறுத்திருந்தது. தூக்கிக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் ஓடினோம்.

அந்த அம்மாள் ஒரு தடவைதான் பார்த்தார். "பெட்டியில ஈரம் போதலை."

"எண்பத்தஞ்சு இருக்கு டாக்டர்."

"இருக்காது."

"மீட்டர் வச்சிருக்கேன்."

"அப்ப மீட்டருக்குத் தோல் நல்லா உரியும். இதுக்கு உரியலை." அவர் கையைத் துடைத்துக்கொண்டார். "பத்து நாள் பாருங்க. மோதிரம் கழண்டா சரி. இல்லைன்னா ரத்தம் ஓடாது, மூணு விரலையும் எடுத்துடணும். அப்புறம் கிளை ஏறாது. தரையிலயே கிடக்கும்."

வழி நெடுகச் சித்தப்பா அந்த மூன்று விரல்களையே தடவிக்கொண்டு வந்தார். மாப்பிள்ளை வழக்கம்போல ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தது.

வீட்டுக்கு வந்ததும் தண்ணீரைக் கூட்டினார். மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை தூவியது ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஆனது. மீட்டர் தொண்ணூற்றிரண்டைத் தொட்டது. தோல் மட்டும் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது.

சித்தி இஸ்திரிக் கடை வைத்திருந்தாள். வீட்டு முன்னறைதான் கடை. தேய்த்து மடித்த துணிகளை அடுக்கி வைக்கும் அறை, மாப்பிள்ளையின் அறைக்கு அடுத்தது. அவளுக்கும் சில மாதங்களாக ஒரு குறை இருந்தது.

"ஏங்க, என் துணியெல்லாம் நமுத்துப் போகுது. காலையில தேய்ச்ச சட்டையைச் சாயந்திரம் எடுத்தா பிழியலாம் போல இருக்கு."

"மழைக்காலம்."

"மழை பேஞ்சு ஒன்றரை மாசம் ஆச்சு. உங்களுக்குப் பல்லியைத் தவிர எதுவும் கண்ணுல படாது."

ஐந்தாம் நாள் அவள் பொறுமை தீர்ந்தது. நமுத்துப் போன கைக்குட்டை ஒன்றை எடுத்து வந்து, கண்ணாடிக் கதவைத் திறந்து, விளக்கிலிருந்து தள்ளி, கிளையின் மறுமுனையில் போட்டாள். மாப்பிள்ளை தன் வீட்டுக்குள் துணி காயப்போடுகிறார்களே என்பது போலப் பார்த்தது. அரை மணி கழித்துச் சித்தி அதை எடுத்து விரலால் நெருடினாள். மொடமொடவென்றிருந்தது.

"எண்பத்தஞ்சு ஈரத்துல துணி காயுமா?"

"காயாது."

"காஞ்சிருக்கே. உங்க நெஞ்சுலதான் ஈரம் இல்லைன்னு நினைச்சேன். பெட்டியிலயும் இல்லை."

சித்தப்பா மீட்டரைக் காட்டினார். தொண்ணூற்றொன்று. சித்தி மீட்டரைப் பார்க்கவில்லை. அது மாட்டியிருந்த இடத்தைப் பார்த்தாள். பெட்டியின் மேல் மூலையில், சுவரோரம், கம்பி வலை போட்ட ஒரு சதுரத் துளை. அதன் பின்னால் பழைய ஃபிரிட்ஜிலிருந்து கழற்றிய சின்ன விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

"இது எதுக்கு?"

"காத்து நின்னா பூஞ்சை பிடிக்கும்."

"சரி, போற காத்து எங்க போகுது?"

சித்தப்பா சுவரைப் பார்த்தார். சுவருக்கு அந்தப் பக்கம் துணி அறை. தண்ணீர்க் குழாய் தூவிய அத்தனை ஈரமும், கிளையில் இருந்தவன் பக்கம் இறங்காமலே, விசிறி வழியாகச் சுவர்த் துளையைத் தாண்டிப் போய் ஊரார் சட்டைகளில் உட்கார்ந்திருந்தது.

"அது சரி சித்தப்பா, மீட்டரை ஏன் அந்தத் துளை வாயில மாட்டினீங்க?" என்றேன்.

"வாயிலதான் மாட்டணும். எந்த ஏசியா இருந்தாலும் காத்து வர்ற வாயில பிடிச்சுத்தான்…" என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார். ஏசியில் அது காற்று வருகிற வாய். இங்கே போகிற வாய். இருபத்தாறு வருடப் பழக்கம் கையை அங்கே கொண்டுபோய் வைத்திருக்கிறது.

மீட்டரைக் கழற்றிக் கிளையில் வைத்தோம். எண் இறங்கிக்கொண்டே வந்து முப்பத்தெட்டில் நின்றது.

"இதை வெளியில யார்கிட்டயும் சொல்லிடாதே" என்றார் சித்தியிடம்.

"நான் யார்கிட்ட சொல்லப்போறேன். சட்டை வாங்க வர்றவங்ககிட்ட மட்டும்தான்."

அன்றே துளையை அடைத்து, விசிறியை ஜன்னல் பக்கம் மாற்றி, காலையும் மாலையும் பத்து நிமிடம் மட்டும் ஓட விட்டார். தரையில் நாலு விரல் உயரத்துக்குத் தென்னை நார்த்தூளைப் பரப்பி நனைத்தார். சித்தி தடித்த துண்டுகளை நனைத்துக் கிளையில் சுற்றி, காயக் காய மாற்றினாள். மாப்பிள்ளையின் பின்னங்கால்களை வெதுவெதுப்பான தண்ணீரில் காலையும் மாலையும் கால் மணி நேரம் பிடித்து வைக்கும் வேலை எனக்கு. வாலால் இரண்டு முறை கன்னத்தில் வாங்கினேன்.

சித்தப்பா இன்னும் இரண்டு மீட்டர் வாங்கி வந்து இரு முனைகளிலும் மாட்டினார். சித்தி கையை உள்ளே விட்டு, "எழுபது இருக்கும்" என்பாள். மீட்டர் எழுபத்திரண்டு காட்டும். இது அவரை விரல் விவகாரத்தைவிட அதிகம் வருத்தியது.

பத்தாம் நாள் காலை. முதுகுத் தோல் முந்தின நாளே மொத்தமாக விழுந்திருந்தது. தொட்டித் தண்ணீரில் சித்தப்பா விரல் நுனியால் மெல்லத் தேய்க்க, ஒரு மோதிரம் நனைந்த காகிதம் போல வழுகிக் கழன்றது. அடுத்ததும். மூன்றாவது, கறுத்த நுனியையும் கூட்டிக்கொண்டு கழன்றது. அவர் அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றார். டாக்டர் போனில் கேட்டுவிட்டு, "ரத்தம் வரலையே? மருந்து போடுங்க. ரெண்டு விரலுக்கு ஒண்ணும் இல்லை. ஏறுதான்னு மட்டும் பாருங்க" என்றார்.

மருந்து போட்டுப் பெட்டிக்குள் விட்டோம். மூன்று பேரும் கண்ணாடிக்கு வெளியே நின்றோம். மாப்பிள்ளை கிளையின் அடியில் முன்னங்கால்களை வைத்தது, பின்னங்காலைத் தூக்கியது, சறுக்கியது. கொஞ்சம் யோசித்தது. மறுபடி சறுக்கியது. மூன்றாவது முறை நகங்கள் பட்டையில் பதிந்தன. விறுவிறுவென்று மேலே போய், எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டது.

சித்தப்பா அதுவரை பிடித்து வைத்திருந்த மூச்சைக் கண்ணாடி மேல் விட்டார். கண்ணாடியில் ஒரு தட்டு அளவுக்கு வெள்ளையாகப் பூத்தது.

"இந்த ஈரத்தையாவது உள்ளே விட்டிருக்கலாம்" என்று சொல்லிச் சித்தி அதை முந்தானையால் துடைத்தாள்.