போகும்போது கேட்கும் கேள்வி

ஒரு சின்னக் குழு நடத்தும் பிரவுசரில், திரையில் வரும் ஆங்கில வரிகளுக்கெல்லாம் சம்பளமில்லாமல் தமிழ் எழுதிக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். ஸ்ரீரங்கம் பஸ்ஸில் தொங்கிக்கொண்டே வார்த்தை தேடியிருக்கிறேன். சொந்தக்காரர்களின் கம்ப்யூட்டர்களில் எல்லாம் அந்தப் பிரவுசரை நானே ஏற்றினேன். ஒவ்வொருவராக வேறு பிரவுசருக்கு மாறிப் போனார்கள். மிஞ்சியவள் கே.கே. நகரில் இருக்கும் என் தங்கை.

போன வாரம் அவள் வீட்டுக்குப் போயிருந்தபோது அவளும், "பேங்க் சைட் இதுல திறக்கவே மாட்டேங்குதுண்ணே, எடுத்துடுங்க" என்றாள்.

"அதோட தமிழைப் பாரும்மா" என்றேன்.

"தமிழ் நல்லாத்தான் இருக்கு. அதை வெச்சுக் கரண்ட் பில் கட்ட முடியுமா?"

கடுப்போடு நீக்கினேன். திரையில் ஒரு கேள்வி வந்தது: "எங்களை விட்டுப் போவது ஏன் என்று சொல்வீர்களா?" இவ்வளவு உருக்கமாக அதை எழுதித் தொலைத்தவனே நான்தான்.

தங்கை எட்டிப் பார்த்தாள். "என்னமோ கேக்குது பாருங்க. ஏதாவது ஒண்ணைப் போட்டு மூடுங்கண்ணே."