கப்பல் தரை

ஏசுவடியாள் பேச்சிராஜாவை இடது பக்கமாகச் சரித்துப் பிடித்துக்கொண்டு முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தாள். முதலில் வெந்நீரில் பிழிந்த துணி, அடுத்து காய்ந்த துணி, கடைசியில் எலும்பு துருத்தி நிற்கும் இடங்களில் விரல் நுனியால் தொட்டு வைத்த தேங்காய் எண்ணெய். எழுபத்தெட்டு வயது உடம்பு, முப்பத்தெட்டு கிலோ. தோல் எங்காவது சிவந்திருக்கிறதா என்று பார்த்தாள். இல்லை. இந்த வீட்டுக்கு வந்த இரண்டு வருடத்தில் அவருக்கு ஒரு படுக்கைப்புண் கூட வந்ததில்லை. அது போதும் அவளுக்கு.

ஆக்சிஜன் மிஷின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அதன் சத்தம் கேட்கவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம், ஹாலில், காளிராஜ் தரை அறுக்கிற கிரைண்டரை ஓட்டிக்கொண்டிருந்தான். ஹாலில் இருந்த பழைய சிவப்புத் தரையைப் பெயர்த்துவிட்டுப் புது டைல்ஸ் போடுகிற வேலை. வருகிற வெள்ளிக்கிழமை பேத்திக்கு நிச்சயதாம்பூலம்.

கிரைண்டர் கிளம்பும்போதெல்லாம் பேச்சிராஜா கட்டில் கம்பியைக் கையால் தட்டினார். வேலை ஆரம்பித்த நேற்றுக் காலையிலிருந்தே தட்டுகிறார். ஏதோ சொல்லவும் செய்தார். அவருக்கு ஒரு மூச்சுக்கு ஒரு சொல்தான் வரும்; அந்த இரைச்சலில் அதுவும் காதில் விழவில்லை.

"சத்தம் தாங்கலையா அண்ணாச்சி?" என்று கேட்டு, நேற்றே அவர் காதில் பஞ்சை வைத்தாள். பிடுங்கிப் போட்டார். திரும்ப வைத்தாள். திரும்பப் பிடுங்கினார். வயதானவர்களுக்கு எரிச்சல் வருவது சகஜம் என்று விட்டுவிட்டாள். இருபத்து மூன்று வருடம் நோயாளிகளோடு இருந்தவள் செய்யக்கூடாத தப்பு அது. நோயாளி ஒன்றைத் திரும்பத் திரும்பச் செய்தால் ஏன் என்று கேட்க வேண்டும். அவள் கேட்கவில்லை, பஞ்சு வைத்தாள்.

ஏசுவடியாளுக்கு ஐம்பத்தேழு வயது. கல்யாணமாகி நாலாம் வருடம் புருஷன் இறந்துபோனான். அதுவரை சங்கரன்கோவிலில் ஒரு விசைத்தறிக் கூடத்தில் நூல் சுற்றிக்கொண்டிருந்தவள், திருநெல்வேலிக்குப் போய் ஆறு மாதம் நோயாளி பராமரிப்புப் படித்தாள். தூக்குவது, புரட்டுவது, குழாயில் கஞ்சி ஊற்றுவது, டாக்டர் எழுதுகிற இங்கிலீஷ் எழுத்தைப் பார்த்து மருந்து எடுப்பது. இது அவளுக்குப் பன்னிரண்டாவது வீடு. முந்தின பதினோரு வீட்டிலும் ஆளை வழியனுப்பிவிட்டுத்தான் வெளியே வந்தாள். எந்த வீட்டிலும் அழுததில்லை. எந்த வீட்டிலும் சாமான் ஒன்று காணவில்லை என்ற பேச்சும் வந்ததில்லை.

மத்தியானம் கிரைண்டர் நின்றது. பேச்சிராஜா அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"அது... கப்பல்... தரை."

"தெரியுமே அண்ணாச்சி. தூத்துக்குடியில இருந்து நீங்க லாரியில கொண்டாந்த தரை. மதினி நூறு தரம் சொல்லியாச்சு."

அவர் தலையை ஆட்டினார். அது இல்லை. தன் நெஞ்சில் விரலை வைத்தார். பிறகு கதவைக் காட்டினார். பிறகு மேலே பரணைக் காட்டினார்.

"பொட்டி."

ஸ்டூலைப் போட்டு ஏறிப் பார்த்தாள். பழைய பித்தளைப் பானைகளுக்குப் பின்னால் ஒரு அட்டைப் பெட்டி இருந்தது. உள்ளே மிச்சமான ஆறு சிவப்புச் சதுரங்கள். பெட்டியின் பக்கவாட்டில் இங்கிலீஷில் அச்சடித்திருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தாள். நடுவில் ஒரு சொல் இருந்தது. அதை அவள் தினமும் பார்க்கிறாள். பேச்சிராஜாவின் ஃபைலில், முதல் பக்கத்தில், நுரையீரல் டாக்டர் பெரிதாக எழுதி அடிக்கோடு போட்டிருந்தார். ஆஸ்பெஸ்டாஸ்.

பத்தொன்பது வருடம் துறைமுகத்தில் கப்பல் பழுது பார்க்கிற காண்டிராக்டரிடம் வேலை பார்த்தவர் அவர். என்ஜின் அறைக் குழாய்களில் சுற்றியிருந்த பழைய வெள்ளைப் பொதியைக் கையால் பிய்த்துப் போடுவதுதான் வேலை. அந்தத் தூசிதான் இப்போது அவர் நெஞ்சுக்குள் இருக்கிறது. கப்பலில் தரை ஒட்டியது போக மிச்சம் என்று காண்டிராக்டர் கொடுத்ததை ஆசையாகக் கொண்டுவந்து வீட்டில் ஒட்டினார். தெருவிலேயே முதல் வழவழப்புத் தரை.

டாக்டர் ஒரு தடவை அவளுக்கும் விளக்கினார். அந்தத் தூசி உள்ளே போனால் வெளியே வராது. உடனே ஒன்றும் செய்யாது. இருபது, முப்பது வருடம் கழித்துத்தான் தெரியும்.

ஏசுவடியாள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து கணக்குப் போட்டாள். நேற்றுக் காலை அவளும் பேச்சிராஜாவின் பெண்டாட்டி கோமதித்தாயும் சேர்ந்து இந்த அறைக் கதவில் பிளாஸ்டிக் தாளை ஒட்டி, அடியில் ஈரச் சாக்கைத் திணித்திருந்தார்கள். அவருக்குத் தூசி ஆகாதே என்று. அவருக்கு எழுபத்தெட்டு. இருபது வருடத்தைக் கூட்டிப் பார்க்க வேண்டிய ஆள் அவர் இல்லை. கதவுக்கு வெளியே இருக்கிற காளிராஜுக்கு இருபத்தொன்பது. சிமெண்டும் கல்லும் சுமக்கிற அவன் பெண்டாட்டி கோகிலாவுக்கு இருபத்து நாலு. அவர்களுக்கு யாரும் தாள் ஒட்டவில்லை.

தாளை ஒரு ஓரம் விலக்கி, கதவைத் திறந்து வெளியே போனாள். இரண்டு பேரும் பெயர்த்த தரைக் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்கள். காளிராஜின் புருவம் வரைக்கும் சாம்பல் நிறத் தூசி.

"ஏலே காளிராஜ், இனிமே அந்த மிஷினை எடுக்காத."

"ஏன் பெரிம்மா, அண்ணாச்சி தூங்குதாவளா?"

அவள் பெட்டியைக் காட்டிச் சொன்னாள். டாக்டர் சொன்னதைச் சொன்னாள். அவன் சோற்று உருண்டையை வாயில் போட்டுக்கொண்டு கேட்டான்.

"பத்து வருசமா கிரானைட் அறுக்கேன் பெரிம்மா. இந்த நெஞ்சு சிமெண்ட் மூடை மாதிரி. இந்த ரப்பர் அட்டை என்ன செஞ்சிரும்?"

"சிமெண்ட் மூடையும் உள்ள தண்ணி போனா கட்டிப் போவும்லா," என்றாள் கோகிலா.

"நீ சும்மா கெட. எந்தப் பக்கம் பேசுதா பாருங்க பெரிம்மா." பிறகு குரலை இறக்கினான். "நான் போயிட்டா கோமதியக்கா வேற ஆளைக் கூப்பிடுவாக. அவனுக்கு மட்டும் இரும்பு நெஞ்சா? ரெண்டு மாசம் கழிச்சு இப்பத்தான் ஒரு வேலை வந்திருக்கு."

ஏசுவடியாள் பெட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

கோமதித்தாய் அடுக்களையில் இருந்தாள். விஷயத்தைக் கேட்டதும், "அதான் அவுக அறையை அடைச்சாச்சே," என்றாள்.

"அண்ணாச்சிக்காகச் சொல்லல மதினி. அந்தப் பயலுக்காகச் சொல்லுதேன்."

"அவனுக்கு என்ன, எருமை கணக்கா இருக்கான்."

"அண்ணாச்சியும் ஒரு காலத்துல அப்படித்தானே இருந்தாவ?"

கோமதித்தாய் கரண்டியைக் கீழே வைத்தாள். "இந்தத் தரையிலதான் என் பிள்ளைய மூணு பேரையும் தவழ விட்டேன். அதுல போயி விஷம் இருக்குங்க. வாயில நல்ல வார்த்தை வராதா ஒனக்கு?"

"ஒட்டிக் கெடக்கிற வரைக்கும் அது ஒண்ணும் செய்யாது மதினி. உடைச்சு அரைச்சாத்தான் கேடு. அதுக்கு மேலேயே புதுசை ஒட்டச் சொல்லுங்க."

"ஒட்டினா தரை ரெண்டு விரக்கடை ஏறும். நிலைப்படி முங்கிரும். மஞ்சள் பூசி கும்பிடுத படி தரையோட தரையா கெடந்தா, நிச்சயத்துக்கு வாரவுக என்ன நெனைப்பாக? பொண்ணு வீட்டுக்கு வாசப்படியே இல்லன்னு சொல்ல மாட்டாக?" அவள் மூச்சு வாங்கினாள். "அவன் சோறு தின்னுட்டு மிஷினை ஓட்டுவான், நாளைக்கு ஒம்பது மணிக்கும் ஓட்டுவான். ஒனக்குப் பிடிக்கலன்னா போயிக்கோ. ஆளா கெடைக்காது?"

சாயங்காலம் ஐந்து மணி வரை கிரைண்டர் ஓடியது. ஹாலில் மூன்றில் ஒரு பங்கு முடிந்திருந்தது. போகும்போது கோகிலா சேலைத் தூசியை வாசலில் நின்று உதறினாள். வீட்டில் இரண்டு வயதுப் பிள்ளை அவளுக்காகக் காத்திருக்கும்.

அன்று ஏசுவடியாள் தன் வீட்டுக்குப் போகவில்லை. விளக்கை அணைக்கும் முன்னால் பேச்சிராஜாவிடம் குனிந்து கேட்டாள். நோயாளியைக் கேட்காமல் நகர்த்தக் கூடாது என்பது அவள் படித்த முதல் பாடம்.

"அண்ணாச்சி, காலையில ஒங்களை ஹாலுக்குக் கொண்டு போகட்டுமா? கொஞ்சமாவது தூசி இருக்கும். அது ஒங்களுக்கு நல்லதில்ல. யோசிச்சுச் சொல்லுங்க."

அவர் யோசிக்கவில்லை. "கொண்டு... போ."

காலை ஐந்து மணிக்கு எழுந்து முகக்கவசம் போட்டு, தலையில் துணி கட்டிக்கொண்டாள். விளக்குமாற்றைத் தொடவில்லை. உடைந்த துண்டுகளின் மேல் தண்ணீரைத் தெளித்து நனையவிட்டு, ஒவ்வொன்றாய் எடுத்து உரச் சாக்கில் போட்டாள். ஒரு சாக்குக்குள் இன்னொரு சாக்கு வைத்து வாயை இறுக்கிக் கட்டினாள். ஈரத் துணியால் தரையையும் சுவரையும் நாலு தடவை துடைத்தாள். துடைத்த துணிகளும் சாக்குக்குள்ளேயே போயின. குளித்து, வேறு சேலை மாற்றினாள். கதவில் ஒட்டியிருந்த தாளைக் கிழித்தாள். சக்கரக் கட்டிலைப் பேச்சிராஜாவோடு தள்ளிக்கொண்டு வந்து, இன்னும் உடையாத சிவப்புத் தரையின் நட்டநடுவில் நிறுத்தி, நாலு சக்கரத்துக்கும் பூட்டைப் போட்டாள். பக்கத்தில் ஆக்சிஜன் மிஷினை வைத்தாள்.

ஒன்பது மணிக்குக் காளிராஜ் கிரைண்டரோடு வந்தான். கட்டிலைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டான். கோமதித்தாய் புருஷனைப் பார்த்தாள்.

"நீங்களுமா?"

"நான்... தான்," என்றார் அவர்.

கோமதித்தாய் கட்டில் கம்பியில் கையை வைத்தாள். பிறகு காளிராஜைப் பார்த்து, "பஜார்ல தரைக்கு விரிக்கிற பிளாஸ்டிக் மேட்டு சுருளாக் கெடைக்கும், போயி வாங்கிட்டு வா. ஒடைஞ்ச எடத்தைச் சிமெண்ட் வச்சு மட்டம் பண்ணு, மேல விரிச்சிருவோம். ஒன் கூலியைக் கொறைக்க மாட்டேன்," என்றாள். ஏசுவடியாள் பக்கம் திரும்பாமலே, "வெள்ளிக்கிழமை முடிஞ்சதும் நீ வேலையை விட்டு நின்னுக்கோ," என்றாள்.

"சரி மதினி."

ஏசுவடியாள் கோகிலாவைத் தனியாகக் கூப்பிட்டாள். "ரெண்டு நாள் துணியை என்ன பண்ணினே?"

"தொவைச்சுட்டேன் பெரிம்மா. வாசல்ல கல்லுல அடிச்சு."

"பிள்ளை எங்க இருந்தா?"

"பக்கத்துலதான்."

ஏசுவடியாள் அறைக்குள் போனாள். ஃபைலிலிருந்து ஒரு வெள்ளைத் தாளைக் கிழித்தாள். டாக்டர் எழுதியிருந்த சொல்லை அப்படியே பார்த்து எழுதினாள். கீழே இரண்டு நாளின் தேதியையும், காளிராஜ், கோகிலா, பிள்ளை மூன்று பேரின் பெயரையும் எழுதினாள். காளிராஜ் மேட்டு வாங்கக் கிளம்பிக்கொண்டிருந்தான். அவன் கையில் கொடுத்தாள்.

"எத்தனை வருசம் ஆனாலும் சரி. நெஞ்சுக்குன்னு டாக்டர்ட்ட போனா, இதை மொதல்ல காட்டு. பீடியை இன்னையோட விட்டுரு."

அவன் அதை ஒரு தடவை படித்துப் பார்த்தான். தாளை நாலாக மடித்து, செல்போன் உறைக்குள் வைத்துக்கொண்டு வெளியே போனான்.