குதிரைகளின் சத்தம்

இரவு ஏழரைக்குத் தொலைக்காட்சியைப் போட்டதும் முதலில் தெரிந்தவை அரண்மனை வாசலில் நின்ற குதிரைகள். சிங்களத்தில் குரல் கொடுத்த கொரியச் சரித்திர நாடகம் அது. மலைநாட்டு ஊரான ஹேவாஹெட்டயில் மூன்று நாளாக மழை. தகரக் கூரை இரைந்ததால் சத்தத்தைக் கூட்டி வைத்திருந்தேன். மனைவி சமையலறையில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள்.

"ராஜாவ வெட்டப் போறாங்க, வந்து பாரு."

"அவரு அடுத்த கிழமையும் இருப்பாரு. ரொட்டிதான் கருகிரும்."

குதிரைகள் பாய்ந்தன. ராஜாவுக்காக என் நெஞ்சு அடித்துக்கொண்டது.

"சத்தத்தக் கொறைங்களேன், பாத்திரமெல்லாம் ஆடுது" என்று வந்தவள், ரிமோட்டை வாங்கிச் சத்தத்தை நிறுத்தினாள். திரையில் குதிரைகள் ஓசையின்றி ஓடின. ஆனால் பாத்திரங்களை ஆட்டிய அந்த உறுமல் நிற்கவில்லை. அது வீட்டுக்குப் பின்னாலிருந்த மலையிலிருந்து வந்தது. அவள்தான் என்னை வாசலுக்கு இழுத்துக்கொண்டு ஓடினாள்.

விடிந்தபோது சமையலறை இருந்த இடத்தில் மண் இருந்தது.